அவதூறு என்று எதைச் சொல்வது? கோவில் அறிவிப்புக்கு ஒரு சொல் வேண்டும்

கோவில்_செயலர் (மொரீஷியஸ்) | செவ்வாய், இரவு 8.40

வணக்கம். எங்கள் கோவில் சங்கத்துக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. பூசை எத்தனை மணிக்கு, ஏழு கறிக்கு வாழை இலை யார் கொண்டு வருவது, காவடி அன்று வண்டியை எங்கே நிறுத்துவது என்று சாதுவாகப் போய்க்கொண்டிருந்த குழு. தைப்பூசம் முடிந்து கணக்கு வாசித்த அன்று இரவு இரண்டு செய்திகள் வந்தன.

முதலாவது: "தலைவர் வீட்டு மேல்மாடி எந்தக் காசில் எழும்பியது என்று யாராவது கேட்டீர்களா?"

அதற்குத் தலைவரின் மைத்துனர் போட்ட பதில்: "மாட்டுக்குக் கணக்கு எதற்கு? போய்ப் புல்லைத் தின்னு."

மறுநாள் கமிட்டி கூடி, என்னை ஓர் அறிவிப்பு எழுதச் சொன்னது. மேலே தமிழ், கீழே பிரெஞ்சு. பிரெஞ்சில் டிஃபமாஸியோன் என்று போட்டு முடித்துவிட்டேன். தமிழில் "குழுவில் அவதூறு பேசக் கூடாது" என்று எழுதினேன். அங்கேதான் சண்டை. மேல்மாடிக் கேள்விதான் அவதூறு, மாடு என்றது சும்மா கோபம் என்கிறார் தலைவர். நான் கேள்விதானே கேட்டேன், என்னை மாடு என்றதுதான் அவதூறு என்கிறார் கேட்டவர். பொய் என்று தெரிந்தால்தான் அவதூறு, அதுவரை இரண்டும் வெறும் பேச்சு என்கிறார் பூசாரி ஐயா. பள்ளியில் படித்த தமிழை வைத்துக்கொண்டு இதற்கு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_மருமகள் (காத்ர் போர்ன்) | செவ்வாய், இரவு 9.15

அண்ணா, கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன்னால் மதுரையில் ஒரு வக்கீல் ஆபீஸில் நாலு வருஷம் டைப் அடித்தேன். அங்கே இதற்கு இரண்டு பெயர் ஓடும். கிரிமினல் கேஸாகப் போட்டால் அவதூறு வழக்கு. பணம் கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போனால் மானநஷ்ட வழக்கு. நோட்டீஸில் வாசகம் மட்டும் மாறவே மாறாது: "எமது கட்சிக்காரரின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் உள்நோக்கத்துடன்..." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் மாடு, நாய் என்று திட்டியதற்கு அவதூறு நோட்டீஸ் அடித்ததாக எனக்கு நினைவில்லை. அது போலீஸ் ஸ்டேஷன் சமாச்சாரம். புகாரில் "தகாத வார்த்தைகளால் திட்டி" என்று வரும். உங்கள் குழுவில் நடந்தது இரண்டும் ஒரே சங்கதி இல்லை.

(நாங்கள் இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 என்று அடித்த பிரிவுகள் இப்போது அங்கே இல்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 356. பழக்கத்தில் வாயில் 499தான் வருகிறது.)

ஃப்ளாக்_பையன் | செவ்வாய், இரவு 9.22

அவதூதர் என்று சாமியார்கள் இருக்கிறார்களே, துணி கூட இல்லாமல் திரிவார்கள், அதிலிருந்து வந்ததுதான் அவதூறு என்று என் தாத்தா சொல்வார். அதாவது ஒருவர் மானத்தை உரித்துத் தெருவில் நிறுத்துவது. சரியா?

ரோஸ்ஹில்_டீச்சர் | செவ்வாய், இரவு 10.05

தம்பி, தாத்தாவின் விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. அவதூதர் வடசொல், அதில் வருவது 'த'. நம் சொல்லில் வருவது 'று'. அவம், தூறு என்று பிரித்துப் பாருங்கள். அவம் என்றால் கேடு, வீண். தூறு என்றாலே பழிச்சொல்தான். மழை தூறுகிறது என்கிறோமே, அந்தத் தூறுதான் வலி மிகுந்து தூற்று ஆகிறது. ஏறு, ஏற்று மாதிரி. நெல்லைத் தூற்றுகிறோம், ஆளையும் தூற்றுகிறோம்.

என் பாட்டி வீட்டில் கோணிச் சாக்கில் அரிசி வரும். வாசலில் உட்கார்ந்து முறத்தில் புடைப்பார். ஒரு தட்டு தட்டினால் அரிசி முறத்திலேயே விழும், தவிடும் தூசும் காற்றோடு பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற துணியில் போய் ஒட்டும். பக்கத்து வீட்டம்மா சண்டைக்கு வருவார். இந்தச் சொல்லைப் பாடத்தில் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணிதான் ஞாபகம் வரும். விட்டது ஒரு கை, ஒட்டுவது எங்கெங்கோ.

அதனால்தான் "அவதூறு பரப்பினார்" என்று சொல்வது அத்தனை இயல்பாக இருக்கிறது. "அவதூறாகப் பேசினார்" என்பதும் சரி. "என்னை அவதூறு செய்தார்" என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள், எனக்குக் காதில் இடிக்கிறது.

செயலர் ஐயா, மூன்றாவது ஆளிடம் போய்ச் சேராத பேச்சு அவதூறு ஆகாது என்பது என் எண்ணம். உங்கள் விஷயத்தில் இரண்டுமே குழுவில் போட்டவை, அதனால் இது மட்டும் உங்களுக்கு உதவாது.

செந்தெனி_மல்பார் (ரெயூனியோன்) | புதன், காலை 6.50

வணக்கம். நான் பெரியவனான பிறகு வகுப்பில் தமிழ் படித்தவன், பிழை இருந்தால் மன்னிக்கவும். இங்கே எங்களுக்கு பிரான்ஸ் சட்டம்தான், 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டம், 29ஆம் பிரிவு. அதில் இரண்டும் அடுத்தடுத்த வரி. ஒருவர் ஒரு காரியம் செய்தார் என்று சொல்லி அவர் மானத்தைக் கெடுத்தால் டிஃபமாஸியோன். எந்தக் காரியமும் சொல்லாமல் இழிவான சொல்லை மட்டும் வீசினால் அன்ஜ்யூர்.

இன்னொன்றும் அதே பிரிவில் இருக்கிறது. சந்தேகம் மாதிரிச் சொன்னாலும், பெயர் சொல்லாமல் ஆள் யார் என்று புரிகிற மாதிரிச் சொன்னாலும் டிஃபமாஸியோன்தான். உங்கள் மேல்மாடிக் கேள்விக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

மாடு என்றவருக்கும் ஒரு வழி இருக்கிறது. எதிராளி முதலில் சீண்டினார் என்று காட்டினால் அன்ஜ்யூருக்குத் தண்டனை இல்லை. டிஃபமாஸியோனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மதுரை_மருமகள் | புதன், காலை 7.30

பெயர் சொல்லாமல், கேள்வி மாதிரி, பட்டும் படாமல்... இதற்குத்தான் நம்மிடம் ஜாடை பேசுவது என்று ஒரு சொல் இருக்கிறதே! என் மாமியாரின் அக்கா இதில் டாக்டர் பட்டம் வாங்கலாம். யாரையும் பார்க்க மாட்டார், கறிவேப்பிலை உருவிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொல்வார்: "சில வீட்டில் எட்டு மணிக்குத்தான் விடியுதாம்." அடுப்படியில் நான் ஒருத்திதான் நிற்பேன்.

பேர்_எதற்கு | புதன், காலை 8.10

எல்லாம் வெள்ளைக்காரன் பிரித்து வைத்தது. தமிழனுக்கு மானம் ஒன்றுதான். மாடு என்றாலும் போகும், திருடன் என்றாலும் போகும். அவதூறு என்ற ஒரே சொல் போதும், எழுதி ஒட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். 1998இல் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து வரும் இடத்தை மாற்றி அச்சடித்தபோது இந்த நாட்டில் எழுந்த கூச்சல் உங்களுக்குத் தெரியும், நோட்டையே திரும்ப வாங்கினார்கள். அப்படிக் காப்பாற்றிய தமிழுக்குப் பிரெஞ்சு வாலை ஒட்ட வேண்டாம்.

ரோஸ்ஹில்_டீச்சர் | புதன், மதியம் 12.20

நோட்டு விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் பிரித்தது வெள்ளைக்காரன் இல்லை. குறள் 184ஐப் பாருங்கள்:

கண்ணின்று கண்ணறச் சொல்லினும் சொல்லற்க
முன்னின்று பின்நோக்காச் சொல்

நேரில் நின்று இரக்கமில்லாமல் சொன்னாலும் சொல், ஆள் இல்லாத இடத்தில் பின்விளைவு பாராமல் சொல்லாதே என்கிறார். மூஞ்சிக்கு நேரே வைவதும் முதுகுக்குப் பின்னால் பெயரைக் கெடுப்பதும் வேறு வேறு என்று அந்த அதிகாரமே சொல்கிறது. புறங்கூறாமை என்று பெயர் வைத்திருக்கிறார், வையாமை என்று வைக்கவில்லை.

அகப்பாட்டில் இன்னும் நுணுக்கம். ஊர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், மொட்டு மாதிரி. வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தால் அலர், மலர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு பேர் தனிச் செய்தியில் பேசிக்கொள்வது அம்பல், குழுவில் போட்டால் அலர். ஒரே சொல் போதும் என்று நினைத்த மொழி இல்லை ஐயா இது.

போர்லூயி_துபாஷி | புதன், மாலை 5.45

நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். நீண்ட நாள் கேட்டுக் கேட்டுப் புளித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் குற்றவியல் சட்டம் 1838இல் பிரெஞ்சுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. இப்போது படிக்கக் கிடைப்பது ஆங்கிலத்தில், யோசனை பிரெஞ்சு. 288ஆம் பிரிவு ரெயூனியோன் தம்பி சொன்னதைத்தான் சொல்கிறது: ஒருவர் மேல் ஒரு செயலைச் சுமத்தி, அதனால் அவர் மானமோ பெயரோ கெட்டால் அது டிஃபமாஸியோன். செயல் எதையும் சுமத்தாத ஏச்சு வேறு குற்றம். பணமாக நஷ்ட ஈடு கேட்பவர் கோட் சிவில் என்கிற சிவில் சட்டத்தின் 1382ஆம் பிரிவுக்குப் போவார். அது அவதூறுக்கென்று எழுதியதே இல்லை, யார் தவறால் யாருக்கு நஷ்டம் வந்தாலும் ஈடு கொடு என்கிற பொதுப் பிரிவு.

சட்டம் ஆங்கிலம், யோசனை பிரெஞ்சு, சாட்சி பேசுவது கிரியோல். கிரியோலில் இந்த வித்தியாசம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஃபேர் பலாப் என்றால் ஊர்வம்பு பேசுவது, பெயரைக் கெடுப்பது. ஸூரே என்றால் திட்டுவது. ஒருவரிடம் போய் நீ பலாப் பண்ணினாயா என்று கேட்டால், இல்லை, ஸூரே பண்ணினேன் என்று பெருமையாகவே சொல்வார். தமிழில் எழுத உட்காரும்போது மட்டும் நாம் எல்லாவற்றையும் அவதூறு என்ற ஒரு மூட்டையில் கட்டுகிறோம்.

நான் வைத்திருந்த அளவுகோல் இது. சொன்னதற்குச் சாட்சி கொண்டு வர முடியுமா என்று பாருங்கள். இவர் மாடுதான் என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது, கால்நடை டாக்டரே வந்தாலும் முடியாது. அது ஏச்சு. கோவில் காசில் மாடி கட்டினார் என்றால் ரசீது கேட்கலாம், கொத்தனாரைக் கூப்பிடலாம், பேங்க் புத்தகத்தைப் பார்க்கலாம். அது பழி.

ஃப்ளாக்_பையன் | புதன், மாலை 6.02

அப்போ "திருடன்" என்றால்? அது மாடு பக்கமா, மாடி பக்கமா?

போர்லூயி_துபாஷி | புதன், மாலை 6.30

கெட்டிக்காரக் கேள்வி. அதில்தான் வக்கீல்கள் பிழைக்கிறார்கள். வாய்ச்சண்டையில் "போடா திருடா" என்று கத்தினால் ஏச்சு என்றுதான் சொல்வேன். எதைத் திருடினான், எப்போது, ஒன்றும் இல்லை. "உண்டியல் திருடன்" என்று சொன்னால் உண்டியல் வந்துவிட்டது, செயல் வந்துவிட்டது.

ரோஸ்ஹில்_டீச்சர் | புதன், மாலை 6.48

விளி வேற்றுமையில் ஏச்சு, எழுவாயாக வந்தால் பழி! இதை நான் நாளைக்கே வகுப்பில் சொல்லப் போகிறேன். எப்போதும் பொருந்தாது, தெரியும். ஆனாலும் வேற்றுமை நடத்தும்போது இந்தப் பிள்ளைகள் முழித்திருக்க இது ஒன்று போதும்.

கோவில்_செயலர் | புதன், இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. மாடு, மாடி இரண்டும் புரிந்தது. பூசாரி ஐயா சொன்னதற்குத்தான் யாரும் பதில் சொல்லவில்லை. மாடி விஷயம் உண்மையாகவே இருந்தால்? அப்போதும் அது அவதூறா? நான் எந்தப் பக்கமும் இல்லை. ஆனால் மேல்மாடி எழும்பியது உண்மை. பஸ்ஸில் போனாலே தெரிகிறது.

மதுரை_மருமகள் | புதன், இரவு 8.50

பழைய 499இல் முதல் விதிவிலக்கே இதுதான். உண்மையாக இருக்க வேண்டும், அதைச் சொல்வது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தப்பிக்கலாம். உண்மைதானே என்று மட்டும் சொல்லி நிற்க முடியாது. எங்கள் வக்கீல் சார் கட்சிக்காரர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். "உண்மையைச் சொன்னா கேஸா சார்?" என்று எல்லோருமே கேட்பார்கள்.

செந்தெனி_மல்பார் | புதன், இரவு 9.10

இங்கே உண்மை என்று நிரூபித்தால் விடுதலை உண்டு. ஆனால் ஒருவரின் சொந்த வாழ்க்கை என்றால் நிரூபிக்கவே விட மாட்டார்கள். நிரூபிக்கப் போகிறேன் என்று 10 நாளுக்குள் சொல்லவும் வேண்டும். புகார் கொடுப்பவருக்கும் அவசரம்தான், 3 மாதத்துக்குள் போக வேண்டும், அதற்கு மேல் போனால் வழக்கு செத்தது.

ரங்கூன்_கடைக்காரர் | வியாழன், அதிகாலை 4.40

இங்கே விடிந்துவிட்டது, கடை திறக்கும் முன் ஒரு வரி. இந்தியாவில் எண் மாறினாலும் பர்மாவில் இன்னும் அதே 499, 500. ஒரே தாய் வயிற்றுச் சட்டம். ஃபோனில் எழுதினால் 2013 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 66 (டி) வேறு இருக்கிறது, அதற்குத்தான் ஆட்கள் அதிகம் பயப்படுவார்கள். பர்மியச் சொல்லில் பொய் என்ற பேச்சே கிடையாது, ஒருவருடைய முகக் களையை, மதிப்பை அழிப்பது என்றுதான் அர்த்தம் வரும். எங்கள் வீட்டுக் கிழவிகள் தமிழில் சொல்வதும் அதே: பேரைக் கெடுக்காதே. பொய் சொல்லிக் கெடுத்தாயா, உண்மை சொல்லிக் கெடுத்தாயா என்று அவர்கள் விசாரித்து நான் பார்த்ததில்லை. முதுகில் ஒன்று விழும், அவ்வளவுதான்.

ரோஸ்ஹில்_டீச்சர் | வியாழன், காலை 7.05

இப்போது பூசாரி ஐயாவுக்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவர் மனதில் இருக்கிற சொல் அபாண்டம். வீண்பழி என்றாலும் அதுவே. அபாண்டம் என்றால் பொய்யாகத்தான் இருக்க முடியும், உண்மையான அபாண்டம் என்று ஒன்று கிடையாது. அவதூறு என்ற சொல்லைப் பிரித்தால் கேடு இருக்கிறது, தூற்றுவது இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் நம் காதில் பொய் என்று விழுகிறது, அதை மறைக்க முடியாது. "இது அவதூறு" என்று ஒருவர் அறிக்கை விட்டால் "இது பொய்" என்று மறுக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். மானநஷ்டம் என்றால் அப்படித் தோன்றாது. அதில் நஷ்டம் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் சட்டத்தில் இருக்கிற டிஃபமாஸியோனுக்கும் நம் வாயில் புழங்கும் அவதூறுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் உங்கள் தலைவர் உட்கார்ந்திருக்கிறார். அவதூறு பேசக் கூடாது என்று பலகையில் எழுதிவிட்டால், நாளைக்கு யார் கணக்குக் கேட்டாலும் "அவதூறு" என்று பலகையைக் காட்டுவார். பொய் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, அந்தச் சொல்லே பாதி நிரூபித்துவிடும்.

என் யோசனை, அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள்.

பேர்_எதற்கு | வியாழன், காலை 7.40

டீச்சர் சொல்வது எனக்கே சரியாகப் படுகிறது. ஆனாலும் மானம் ஒன்றுதான்.

ஃப்ளாக்_பையன் | வியாழன், காலை 7.44

மானம் கப்பலேறிப் போச்சு என்பார்களே. நம் ஆட்கள் எல்லோரும் கப்பலேறித்தானே இங்கே வந்தார்கள், மானமும் கூடவே இறங்கியிருக்கும். கவலைப்படாதீர்கள்.

போர்லூயி_துபாஷி | வியாழன், காலை 9.30

மூன்று வரி எழுதிப் பார்த்தேன். சட்ட வாசகம் வேண்டாம், கோவில் படியில் செருப்பு விடும்போதே படித்துவிடுகிற மாதிரி:

"ஆதாரமில்லாமல் யார் மேலும் பழி போடக் கூடாது. கேள்வியாகக் கேட்டாலும், ஜாடையாகச் சொன்னாலும் பழி பழிதான்."

"யாரையும் ஏசக் கூடாது."

"கோவில் கணக்கைக் கேட்பது பழி ஆகாது. கணக்குப் புத்தகத்தை வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் யாரும் பார்க்கலாம்."

மூன்றாவது வரி இல்லாமல் முதல் வரியை ஒட்டாதீர்கள். ஆதாரம் கொண்டு வா என்று சொல்கிறவர்கள்தான் புத்தகத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

மதுரை_மருமகள் | வியாழன், காலை 10.00

ஏசக் கூடாது என்பது இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் புரியுமா? திட்டக் கூடாது என்று போடுங்கள் அண்ணா. மற்றபடி எங்கள் வக்கீல் சார் எழுதியிருந்தால் நாலு பக்கம் வந்திருக்கும்.

கோவில்_செயலர் | அடுத்த திங்கள், இரவு 9.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். கமிட்டியில் படித்துக் காட்டினேன். முதல் இரண்டு வரியையும் கைதட்டி ஏற்றார்கள். மூன்றாவது வரி "பலகையில் இடமில்லை" என்று போய்விட்டது. பெரிய பலகைதான். அச்சடித்து வந்த பிறகு அடியில் மார்க்கர் பேனாவால் நானே எழுதிச் சேர்த்துவிட்டேன், இதுவரை யாரும் அழிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை இரண்டு பேர் புத்தகம் கேட்டார்கள், சாவி தலைவரிடம் இருக்கிறது, அவர் கூர்பிப்புக்குப் போயிருந்தார்.

ரோஸ்ஹில்_டீச்சர் | திங்கள், இரவு 9.31

சபாஷ். பலகையைப் படம் எடுத்துப் போடுங்கள், எழுத்துப்பிழை பார்த்துச் சொல்கிறேன்.

கோவில்_செயலர் | திங்கள், இரவு 9.40

அதைத்தான் சொல்ல வந்தேன் டீச்சர். அச்சகத்துக்காரருக்கு ழ வராது. முதல் வரியில் "பலி போடக் கூடாது" என்று வந்துவிட்டது. காலையிலிருந்து நாலு பேர் ஃபோன் பண்ணிவிட்டார்கள், இந்த வருஷம் காளிக்குக் கோழி கிடையாதா என்று.